வணிகக் குடும்பத்தின் பழைய ஏடுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்தபோது பாட்டனார் காலத்துப் பேரேடுகளும் சிட்டைகளும் கடிதக் கட்டுகளும் பெட்டி நிறையக் கிடைத்ததாகவும், அவற்றில் சொத்துப் பத்திரங்களையும் பெரிய மனிதர்கள் எழுதிய கடிதங்களையும் மட்டும் பிரித்தெடுத்து ஓர் ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கழித்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதோடு, அரசரோ அமைச்சரோ அல்லாத ஒரு வியாபாரியின் வரவு செலவை யார் படிக்கப் போகிறார்கள் என்றும் ஐயப்பட்டிருக்கிறீர்கள். கழிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். எதையும் கழிக்க வேண்டாம், எதையும் இப்போதைக்குப் பிரிக்கவும் வேண்டாம். அதற்கான காரணத்தை, உலகில் மிக முழுமையாகப் பிழைத்திருக்கும் ஒரு வணிகர் ஆவணத் தொகுதியைக் கொண்டு விளக்குகிறேன்.

இத்தாலியில் புளோரன்ஸ் நகருக்கு வடமேற்கே, மிக அருகில், பிராட்டோ என்ற ஊர் இருக்கிறது. கம்பளித் துணி நெசவுக்குப் பழங்காலந்தொட்டுப் பேர்பெற்ற ஊர். இத்தாலியில் மாகாணத் தலைநகர்தோறும் ஓர் அரசு ஆவணக்காப்பகம் வைத்திருக்கிறார்கள். பிராட்டோவின் ஆவணக்காப்பகம் பிரான்செஸ்கோ தி மார்க்கோ தாத்தீனி என்ற வணிகரின் பழைய மாளிகையிலேயே இயங்குகிறது. அங்கே ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கடிதங்கள், 500-க்கும் மேற்பட்ட கணக்கேடுகள், சுமார் 300 கூட்டு வியாபார ஒப்பந்தங்கள், சுமார் 400 காப்பீட்டு ஒப்பந்தங்கள், ஆயிரக்கணக்கான உண்டியல்கள் (வேற்றூரில் பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் மாற்றுச் சீட்டுகள்), கப்பல் சரக்குச் சீட்டுகள், காசோலையின் மிகப் பழைய வடிவங்கள் சில ஆகிய அனைத்தும் இருக்கின்றன. எல்லாம் ஒரே மனிதர் தம் வாழ்நாளில் எழுதியவை, எழுதுவித்தவை, பெற்றவை. அவர் இறந்தது 1410 ஆகஸ்ட் 16.

தாத்தீனி பெருங்குடியில் பிறந்தவர் அல்லர். 1335-ஐ ஒட்டிப் பிறந்தார். தந்தை சத்திரம் நடத்திய எளிய மனிதர். 1348-இல் ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோய் அவருடைய தாயையும் தந்தையையும் உடன்பிறந்தார் இருவரையும் கொண்டுபோயிற்று. அநாதையாக நின்ற சிறுவனைப் பியேரா என்ற பெண்மணி வளர்த்தார். பதினைந்து வயதளவில், அன்று போப்பாண்டவரின் இருப்பிடமாக இருந்த தெற்குப் பிரான்சின் அவிஞோன் நகருக்குப் பிழைப்புத் தேடிப் போனார். ஆயுதங்களும் கவசங்களும் விற்றுத் தொடங்கிய வியாபாரம் உப்பு, துணி, சமய ஓவியங்கள், வீட்டுச் சாமான்கள் என்று விரிந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் அங்கே இருந்துவிட்டு 1383-இன் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது அவர் பெரும் செல்வந்தர். பிறகு பீசா, புளோரன்ஸ், ஜெனோவா, பார்சிலோனா, வலென்சியா, மயோர்க்கா ஆகிய இடங்களில் கூட்டாளிகளை வைத்துக் கடை நடத்தினார். ஒவ்வொரு கடையும் தனி ஒப்பந்தம், தனி முதல், தனிக் கணக்கு. ஒன்று நொடித்தால் மற்றவை அதோடு சேர்ந்து சாயாதபடி அமைத்திருந்தார்.

ஆனாலும் அவர் காலத்து வணிகர்களில் அவர் முதல்நிலையில் இருந்தவர் என்று சொல்ல முடியாது. அவருக்கு ஒரு தலைமுறை முன்னால் புளோரன்சில் பார்தி, பெருத்சி என்ற இரண்டு குடும்ப நிறுவனங்கள் இங்கிலாந்து அரசருக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்து, 1340-களில் திவாலாயின. அவற்றின் வீச்சுக்கு முன்னால் தாத்தீனியின் வியாபாரம் சிறியது. ஆயினும் அந்த நிறுவனங்களிலிருந்து நமக்கு எஞ்சியவை ஒருசில கணக்கேடுகள்தாம். எனவே பதினான்காம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் வணிகம் அன்றாடம் எப்படி நடந்தது என்று அறிய விரும்புவோர் முதலில் நாடிச் செல்வது நடுத்தரமான இந்தப் பிராட்டோக்காரரிடம். ஒருவரின் ஆவணம் எவ்வளவு மதிப்புடையது என்பதை அவர் எவ்வளவு பெரியவர் என்பது தீர்மானிப்பதில்லை. உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு இதுவே விடை என்று கருதுகிறேன்.

இவ்வளவும் எப்படிப் பிழைத்தன? முதற்காரணம், தாத்தீனி தாளைத் தூக்கிப் போடத் தெரியாதவர். வந்த கடிதத்தின் புறத்தே அது எந்த ஊரிலிருந்து எந்த நாளில் வந்துசேர்ந்தது என்று குறித்து வைப்பது அவருடைய கடைகளின் வழக்கம். கிளைகளில் இருந்தவர்கள் எழுதத் தாமதித்தால் கடிந்துகொள்வார். எழுதி எழுதிக் களைத்துத் தூக்கம் கெட்டதாக அவரே குறைப்பட்டுக்கொண்ட கடிதங்களும் உண்டு. இரண்டாவது காரணம் அவருடைய உயில். மனைவிக்குப் பிள்ளை இல்லை. சொத்தை ஏழைகளுக்கு விட வேண்டும் என்று அவருடைய நண்பரும் நோட்டரியுமான லாப்போ மாட்சேய் பல ஆண்டுகள் வற்புறுத்தி வந்தார். முடிவில் தாத்தீனி 70,000 புளோரினுக்கும் (புளோரன்சின் தங்கக் காசு) மேற்பட்ட தம் செல்வத்தைப் பிராட்டோவின் ஏழைகளுக்காகச் செப்போ என்ற அறநிலையமாக ஆக்கினார். அதைத் திருச்சபையின் கையில் கொடுக்காமல் நகரத்தார் தேர்ந்தெடுக்கும் சிலரின் பொறுப்பில் வைத்தார். புளோரன்சில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1,000 புளோரின் தனியே ஒதுக்கினார். புகழ்பெற்ற இன்னொசெந்தி குழந்தைகள் இல்லம் அந்தத் தொகையை வித்தாகக் கொண்டு எழுந்ததுதான். மாளிகையும் அறநிலையத்துக்கே போயிற்று. வெளியூர்க் கடைகளின் ஏடுகளும் கடிதங்களும் அவர் விருப்பப்படி பிராட்டோவுக்கு வரவழைக்கப்பட்டு அந்த வீட்டிலேயே சேர்க்கப்பட்டன.

இந்த இடத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பொதுவாக ஒரு வணிகரின் வீட்டில் கிடைப்பவை அவருக்கு வந்த கடிதங்கள் மட்டுமே. அவர் எழுதியவை பெற்றவரின் வீட்டில் இருக்கும் அல்லது அழிந்திருக்கும். கிளைக் கடைகளின் தாள்களும் தலைமையிடத்துக்கு வந்துவிட்டதால் தாத்தீனி தொகுதியில் கேள்வியும் மறுமொழியும் சேர்ந்தே இருக்கின்றன. பார்சிலோனாவில் இருந்தவர் என்ன கேட்டார், பிராட்டோவிலிருந்து என்ன சொன்னார்கள், அந்தச் சொல் போய்ச் சேருவதற்குள் சந்தை எப்படி மாறியிருந்தது என்பதை இரு முனையிலிருந்தும் பார்க்க முடிகிறது. அறநிலையம் கலையவில்லை, வீடு கைமாறவில்லை, பாகப்பிரிவினை நடக்கவில்லை. நூற்றாண்டுகள் கழித்து, 1870-இல், படிக்கட்டின் கீழிருந்த ஓர் ஒதுக்கிடத்தில் சாக்குகளில் அடைத்துக் கிடந்த நிலையில் அவை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. பூச்சியும் எலியும் ஓரளவு தின்றிருந்தன. ஆனால் யாரும் அதுவரை 'முக்கியமானவை' என்று எதையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதியை எரிக்கவில்லை. யாரும் அக்கறையோடு தொடாததே ஒருவகையில் காவலாயிற்று.

இனி, இப்படிச் சேர்ந்து பிழைத்ததால் என்ன கிடைத்தது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். 1394 நவம்பரில் தாத்தீனி தரப்பிலிருந்து மயோர்க்காக் கடைக்கு ஆட்டுமயிர் வாங்கச் சொல்லி உத்தரவு போயிற்று. அடுத்த மே மாதம் ஆடுகளுக்கு மயிர் கத்தரித்தார்கள். புயலால் கப்பல் கிளம்பத் தாமதமாகி, ஆகஸ்டில்தான் 29 மூட்டைகள் ஸ்பெயின் கடற்கரை வழியாகப் பீசாவுக்குப் புறப்பட்டன. அங்கே அதை 39 பொதிகளாகக் கட்டி, 21 பொதிகளைப் புளோரன்சில் ஒரு வாடிக்கையாளருக்கும் 18 பொதிகளைப் பிராட்டோவுக்கும் அனுப்பினார்கள். பிராட்டோவுக்கு அது வந்த நாள் 1396 ஜனவரி 14. பிறகு அதில் பாதியை அடித்து, பொறுக்கி, எண்ணெயிட்டு, கழுவி, சீவி, நூற்று, நெய்து, நீலச் சாயமேற்றி, மேல்மயிர் கத்தரித்து, அழுத்தி மடித்து எடுத்தபோது ஜூலை மாதக் கடைசி ஆகிவிட்டது. கிடைத்தவை ஒவ்வொன்றும் முப்பது மீட்டருக்கு மேல் நீளமான ஆறு துணிகள். அவை கோவேறு கழுதைகளின் முதுகில் மலையைத் தாண்டி வெனிஸ் போய், அங்கிருந்து கப்பலில், மயிர் வந்த அதே மயோர்க்காவுக்கே திரும்பின. அங்கே உடனே விலைபோகாமல் வலென்சியாவுக்கும் வட ஆப்பிரிக்கக் கரைக்கும் அனுப்பப்பட்டு, கடைசித் துணி விற்றது 1398-இல். உத்தரவு எழுதியதிலிருந்து பணம் கைக்கு வர ஏறத்தாழ மூன்றரை ஆண்டு.

இந்த வரலாறு எந்த ஒரு தாளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. உத்தரவு ஒரு கடிதத்தில் இருக்கிறது. மூட்டைக் கணக்கு சரக்குச் சீட்டில் இருக்கிறது. தறிக்காரருக்கும் நூற்ற பெண்களுக்கும் சாயக்காரருக்கும் கொடுத்த கூலி கம்பளிக் கடையின் சிட்டையில் இருக்கிறது. விற்ற விலையும் தரகும் கப்பல் கூலியும் சுங்கமும் வேறு கிளையின் பேரேட்டில் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் இவற்றை ஒன்றோடொன்று பொருத்தித்தான் மயிர் துணியான கதையைக் கட்டியெழுப்பினார்கள். ஃபெடரிகோ மெலிஸ் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தொகுதிக்கே செலவிட்டார். 1967-இல் பிராட்டோவில் தாத்தீனி பெயரால் ஒரு பன்னாட்டுப் பொருளாதார வரலாற்று நிறுவனம் அவர் முயற்சியால் உருவாகி இன்றும் நடக்கிறது. இப்போது எண்ணிப் பாருங்கள்: 1870-இல் அந்தச் சாக்குகளைத் திறந்த ஒருவர், நீங்கள் நினைத்ததைப் போல, பெரிய மனிதர்களின் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு கூலிச் சிட்டையை அடுப்பில் போட்டிருந்தால் இந்தக் கதையின் நடுப்பகுதி முழுதும் போயிருக்கும். நூல் நூற்ற பெண்களுக்கு வரலாற்றில் இடம் கொடுத்திருப்பது அந்தக் கூலிச் சிட்டை மட்டும்தான்.

கடிதங்களின் புறத்தே எழுதிய அந்தச் சிறு குறிப்பும் அப்படிப்பட்டதே. எழுதிய நாள் உள்ளே, வந்த நாள் வெளியே. தனிக் கடிதத்தில் அதற்குப் பெரிய பொருள் இல்லை. ஆயிரக்கணக்கான கடிதங்களில் அதைத் தொகுத்தபோது எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே செய்தி எத்தனை நாளில் பயணம் செய்தது, கடல்வழி எப்போது அடைபட்டது என்பதெல்லாம் தெளிவாயின. குறித்தவர்கள் ஒருநாளும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கணக்கேடுகளிலும் இதே நிலைதான். அவிஞோன் காலத்துத் தொடக்க ஏடுகள் ஒற்றைப் பதிவில் இருக்கின்றன; பிற்காலத்தில் இத்தாலியக் கடைகளின் ஏடுகள் பற்றும் வரவும் எதிரெதிரே நிற்கும் இரட்டைப் பதிவுக்கு மாறுகின்றன. ஒரு வணிகர் தம் கணக்கு முறையை எப்படி மாற்றிக்கொண்டார் என்பதைக் காண ஏடுகள் வரிசை அறாமல் இருக்க வேண்டும். அழகான ஏடு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அது தெரியாது. அந்த ஏடுகளில் பலவற்றின் தலைப்பில், நம் வணிகர்கள் பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கியதைப் போல, 'இறைவன் பெயராலும் இலாபத்தின் பெயராலும்' என்று எழுதியிருக்கும்.

குடும்பக் கடிதங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் வியாபாரத் தாள்களைக் கொடுப்பவர்கள்கூட வீட்டுக் கடிதங்களைத் தனியே ஒதுக்கிவிடுவதுண்டு. தாத்தீனி 1376-இல் அவிஞோனில் மார்கெரீட்டா என்ற இளம்பெண்ணை மணந்தார். இருவருக்கும் ஏறத்தாழ இருபத்தைந்து வயது வித்தியாசம். ஊர் திரும்பிய பின் அவர் புளோரன்சில் கடையைப் பார்த்துக்கொள்ள, மனைவி பிராட்டோவில் வீட்டைப் பார்த்துக்கொண்டார். சில சமயம் இடம் மாறினார்கள். அந்தப் பிரிவின் பயனாக இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் நானூற்றுக்கு மேல் இருக்கின்றன. மார்கெரீட்டாவுடையவை மட்டும் இருநூற்றைம்பதை ஒட்டி வரும். அவற்றில் பெரும்பாலானவை அவர் சொல்லச் சொல்லக் கடைப் பிள்ளைகள் எழுதியவை. மாவு எவ்வளவு இருக்கிறது, கோவேறு கழுதைக்கு இலாடம் அடித்தாயிற்றா, எண்ணெய்ச் சாடி வந்ததா, யார் கடனைத் திருப்பினார் என்று கணவர் கேட்க, மனைவி ஒவ்வொன்றாக மறுமொழி சொல்கிறார். இடையிடையே, தன்னைச் சின்னப் பெண்ணைப் போல நடத்துவதைக் குறித்துக் கணவரைக் கூசாமல் கண்டிக்கவும் செய்கிறார். முப்பது வயதைக் கடந்த பிறகு அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, தம் கையாலேயே கடிதங்கள் எழுதினார். கற்ற கை எது, எழுதுவித்த கை எது என்று இன்று அறிய முடிவதற்குக் காரணம், அதே கடைப் பிள்ளைகளின் கையெழுத்து கணக்கேடுகளிலும் இருப்பதுதான். வீட்டுக் கடிதத்தைப் படிக்கக் கடைச் சிட்டை உதவுகிறது. கடைச் சிட்டையில் காரணமில்லாமல் நிற்கும் ஒரு செலவுக்கு வீட்டுக் கடிதம் விளக்கம் தருகிறது.

மறைக்க விரும்பப்படும் செய்திகளும் இவற்றில் இருக்கின்றன. அன்றைய இத்தாலிய வணிகர்கள் அடிமைகளை விற்றார்கள், வாங்கினார்கள், தாத்தீனியும் அவ்வாறே. சரக்குச் சீட்டுகளில் ஈயக் கட்டிகளுக்கும் துணிப் பொதிகளுக்கும் அடுத்த வரியில் மனிதர்களின் எண்ணிக்கை வருகிறது. அவர் வீட்டில் இருந்த லூச்சியா என்ற அடிமைப் பெண்ணுக்கு 1392-இல் அவர் மூலம் ஜினேவ்ரா என்ற மகள் பிறந்தாள். அந்தக் குழந்தையை மார்கெரீட்டா தம் மகளாகவே வளர்த்தார். 1407-இல் 1,000 புளோரின் சீர் கொடுத்துத் திருமணமும் நடந்தது. குடும்ப மானத்தைக் கருதி யாராவது இந்தத் தாள்களைக் கிழித்திருந்தால், லூச்சியாவைப் போன்றவர்கள் இருந்த சுவடே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். உங்கள் பெட்டியிலும் மனதுக்கு நெருடலான தாள் ஏதேனும் இருக்கலாம். அதை அழிப்பதற்கும் எல்லார் பார்வைக்கும் வைப்பதற்கும் நடுவே வழி உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

தொகுதி சிதறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று காட்டலாம். அதில் நம் பக்கத்துக் கடற்கரையும் வருகிறது. எகிப்தில் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில், இறைவன் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய தாளை அழிக்கலாகாது என்ற நம்பிக்கையால், நூற்றாண்டுக்கணக்காகப் பழைய தாள்களை ஓர் அறையில் போட்டு வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அவை பல கைகளுக்குப் போயின. பெரும்பகுதி, ஏறத்தாழ 1,93,000 துண்டுகள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ந்தது, மற்றவை பல நாட்டு நூலகங்களுக்குச் சிதறின. அவற்றுள் இந்திய வணிகத்தில் ஈடுபட்டவர்களின் கடிதங்கள் உண்டு. துனீசியாவில் பிறந்து 1132 முதல் 1149 வரை மங்களூர்ப் பகுதியில் தங்கி, வெண்கலப் பட்டறை வைத்து, ஏடன் வணிகரோடு மிளகு வியாபாரம் செய்த ஆபிரகாம் பென் இஜூவின் தாள்கள் அவ்வாறு கிடைத்தவைதாம். அருமையான செல்வம். ஆனால் ஒரே கடிதத்தின் கிழிந்த பாதிகள் வெவ்வேறு ஊர் நூலகங்களில் கிடக்க, எந்தத் துண்டு எதற்கு உரியது என்று கண்டறிவதிலேயே கோய்ட்டைன் போன்ற அறிஞர்களின் பல்லாண்டு உழைப்பு செலவாயிற்று. பிராட்டோவில் ஒரு மாணவர் அட்டவணையைப் பார்த்துக் கட்டை எடுத்துப் படிக்கிறார். கெய்ரோத் தாள்களில் ஒரு வாழ்நாள் அறிஞர் முதலில் கட்டையே உருவாக்க வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். நம் ஊர்க் கணக்குத் தாள்களில் வரிசை கலைவதால் ஏற்படும் இழப்பு இன்னும் கூடுதல், காரணம் நாம் ஆண்டைக் குறித்த முறை. பழைய சிட்டைகளில் 'விரோதி வருஷம் ஆனி மாதம்' என்றுதான் இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால் அது 1889-இல் தொடங்கிய விரோதியா, 1949-இல் தொடங்கிய விரோதியா என்று அந்தத் தாள் மட்டும் சொல்லாது. தொகையைப் பார்த்தும் பிரிக்க முடியாது. 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை ரூபாய், அணா, பைசாக் கணக்குதான். அந்தத் தாள் எந்தக் கட்டில், எந்த ஏட்டுக்கு அடுத்து, எந்தக் கடிதத்தோடு சேர்ந்து இருந்தது என்பது தெரிந்தால் ஐயம் ஒரு நொடியில் தீரும். கட்டை அவிழ்த்து 'தேதி வாரியாக' அடுக்கிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். ஆகவே கட்டிய கயிறு, சுற்றிய துணி, செருகிய தாள் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். முதலில் பெட்டி திறந்த நிலையிலேயே படம் எடுங்கள்; பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைத் தனித் தாளில் எழுதிச் செருகுங்கள். ஏட்டின்மேல் பேனாவால் எழுத வேண்டாம். எழுதியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய பென்சில் போதும்.

கிழிந்த தாளைச் செல்லோடேப் போட்டு ஒட்டுவதும், பாதுகாப்பு என்று நினைத்து லேமினேட் செய்வதும் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் கேடுகள். டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கும். லேமினேட் செய்த தாளை மீட்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசியும் கிளிப்பும் எளிதாகக் கழன்று வந்தால் எடுத்துவிடலாம், ஒட்டிக்கொண்டிருந்தால் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். கரையான் வந்த பெட்டி என்றால் நல்ல பெட்டிகளிலிருந்து அதை அன்றே பிரித்து வைக்க வேண்டும். வெயிலில் காயப்போட வேண்டாம். நிழலும் காற்றோட்டமும் போதும்.

இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் இருந்தால், அவர்கள் பக்கத்தில் அமர்ந்து ஏடுகளைப் புரட்டுங்கள். இது யார் கையெழுத்து, கடையின் விலாசத்தில் வரும் எழுத்துகள் யார் யாரைக் குறிக்கின்றன, 'மேலக்கடை' என்றால் எந்தத் தெரு, ஒரு பெயருக்கு எதிரே மட்டும் வட்டியில்லாமல் பற்று நிற்கிறதே அது உறவுமுறையாலா, தமிழ் எண்ணிலும் மாகாணி, வீசம் என்ற பின்னங்களிலும் எழுதிய தொகைகளை எப்படிக் கூட்டுவது என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மார்கெரீட்டாவின் கடிதங்களுக்கு உரை சொல்ல ஆளில்லாததால் அறிஞர்கள் நூறாண்டுக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு இன்னும் சொல்ல ஆளிருக்கிறது.

எங்கே கொடுப்பது என்பதைப் பொறுத்தவரை, சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக்காப்பகம் 1909-இல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கப்பட்டது. அதன் முதன்மைப் பொருள் அரசு ஆவணங்கள். தனியார் சேகரிப்பு ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு எழுந்ததற்குச் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எடுத்துக்காட்டு; கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுதும் சேர்த்தவற்றைக் கொண்டு அது 1994-இல் அமைந்தது. தாளைக் கையை விட்டுக் கொடுக்க மனமில்லாத குடும்பங்களுக்கும் வழி இருக்கிறது: புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன், தமிழகக் கிராமங்களில் குடும்பங்களிடம் இருந்த ஓலைகளையும் தாள்களையும் மின்பதிவு செய்திருக்கிறது. அத்தகைய பணிகளில் மூல ஆவணம் உரியவரிடமே இருக்கலாம். என் விருப்பம், மின்பதிவு முதலில், கொடையைப் பற்றிய முடிவு அதற்குப் பிறகு என்பது. ஆனால் மின்பதிவு ஆனதும் மூலத்தைக் கழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். தாளின் நீர்க்குறி, மையின் மாற்றம், தைத்த நூல், கிழித்தெடுத்த பக்கத்தின் அடி ஆகியவை படத்தில் சரியாகத் தெரியாது.

கொடுப்பதாக முடிவானால் எழுத்து மூலமான ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். தொகுதி குடும்பத்தின் பெயராலேயே ஒன்றாக வைக்கப்பட வேண்டும், பொருள்வாரியாகப் பிரித்து வெவ்வேறு அடுக்குகளுக்கு அனுப்பக் கூடாது, இப்போதுள்ள கட்டு எண்கள் அட்டவணையில் இடம்பெற வேண்டும், மின்படி ஒன்று குடும்பத்துக்குத் தரப்பட வேண்டும் என்பவற்றை அதில் சேருங்கள். நெருடலான தாள்களுக்கு, இத்தனை ஆண்டுகள் கழித்தே ஆராய்ச்சியாளர் பார்வைக்கு வைக்கலாம் என்று காலவரை விதிக்கக் கேட்பதும் வழக்கத்தில் உள்ளதுதான்; தயங்காமல் கேளுங்கள். சொத்துப் பத்திரங்களில் இன்றும் சட்டப் பயன் உடையவை இருந்தால் அவற்றின் மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, தெளிவான படியொன்றை அது இருந்த கட்டிலேயே, இருந்த இடத்திலேயே செருகி, மூலம் யாரிடம் இருக்கிறது என்று அந்தப் படியின்மேல் பென்சிலால் குறித்துக் கொடுத்தால் போதும்.